அண்ணியின் வாயில் என் குரல்

எங்கள் அண்ணி பாடி நீங்கள் கேட்டிருக்கலாம். யூடியூபில் இருக்கிறது. மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால், சவுக்குத் தோப்பு முடிந்து மணல் தொடங்கும் இடத்தில், வெள்ளைப் புடவை காற்றில் படபடக்க, கடலைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்தபடி நிற்பார். கீழே அவர் பெயர் கொட்டை எழுத்தில் ஓடும். கேட்டவர்கள் எல்லாம், "சிஸ்டர் குரலில் என்ன ஒரு அபிஷேகம்!" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அபிஷேகமாவது மண்ணாங்கட்டியாவது. அந்தக் குரல் என்னுடையது.

வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்று நினைப்பீர்கள். வயிற்றெரிச்சல்தான், இல்லையென்று சொல்லவில்லை. அதற்காக நடந்தது நடக்காததாகிவிடுமா?

எங்கள் வீடு செங்கல்பட்டில், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். அப்பாவுக்கு மறைமலைநகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ் கொண்டுவந்து விட்டதும் குளித்துவிட்டு கிட்டாரும் கையுமாக உட்கார்ந்துவிடுவார். அண்ணன் கீபோர்டு. அம்மா டாம்பரின் தட்டுவாள். பாடுவது நான். முதலில் அக்கம்பக்கத்து வீடுகளில் ஜெபக் கூட்டம், அப்புறம் பிறந்தநாள் ஸ்தோத்திரம், அடக்க ஆராதனை என்று போய்க்கொண்டிருந்தோம். சாவு வீட்டில் பாடிப் பழகியவளுக்கு எந்த மேடையும் பயமில்லை. அங்கே யாரும் கைதட்ட மாட்டார்கள், சுருதி விலகினால் மட்டும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அண்ணனின் கீபோர்டு யாரோ வாசித்துவிட்டுத் தள்ளிவிட்ட பழையது. அதில் மழை, மணி, நாய், சேவல் என்று சத்தங்களுக்குத் தனியாகப் பொத்தான்கள் உண்டு. புனித வெள்ளி வந்தால் அப்பா, சேவல் கூவுமுன் சீடன் பேதுரு தன் ஆண்டவரையே 'எனக்குத் தெரியாது' என்று மூன்று தரம் சொன்ன கதையைச் சொல்லுவார். மூன்றாவது தரம் சொல்லி முடித்ததும் அண்ணன் பொத்தானை அழுத்த, சேவல் கூவும். கூட்டம் அப்படியே உருகிவிடும். ஒரு வருஷம் அவன் விரல் தவறி நாய் குரைத்துவிட்டது. அப்பாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! வீட்டுக்கு வந்ததும் நானும் அம்மாவும் சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அந்தச் சிரிப்பெல்லாம் எந்த வீட்டில் நடந்தது என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது.

பெயர் பரவியது. நாவலூர் அடுக்குமாடிகளில் கிறிஸ்மஸ் விழா, கடலோரக் குப்பங்களில் சபை ஆண்டுவிழா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அம்மா ஒரே துணியாக எடுத்து அதில் எங்கள் எல்லோருக்கும் தைக்கக் கொடுப்பாள். சட்டை, சுடிதார், ரவிக்கை எல்லாம் ஒரே நிறம். மைக் கைக்கு வந்ததும் அப்பாவின் பேச்சே மாறிவிடும். வீட்டில் "இன்னாடி அங்க பண்ணிக்கினு கீற" என்று கத்துகிற மனுஷன், மேடையில் "பிரியமானவர்களே, இந்த மாலை வேளைக்காக ஆண்டவரை ஸ்தோத்திரிக்கிறேன்" என்பார். எங்களைப் பற்றிச் சொல்லும்போது "கர்த்தர் எனக்குத் தந்த குடும்பம்" என்பார். ஒவ்வொரு தடவையும் நான் அதை அப்படியே நம்பிக்கொண்டு நிற்பேன். பைத்தியக்காரி.

எங்களைத் தூக்கி நிறுத்தியது ஒரே ஒரு பாட்டு. அம்மா கட்டியது. உப்புக்காற்று அடித்தும் அணையாத விளக்கைப் பற்றியது. பாத்திரம் கழுவிக்கொண்டே அவள் முணுமுணுத்த மெட்டை நான் மேலே இழுத்துக்கொண்டு போனேன். இரண்டாவது சரணத்தில் அது போய் நிற்கிற உயரம் அம்மாவுக்கே எட்டாது. அண்ணன் தன் அறைச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி அதை ஸ்டுடியோ என்று சொல்லிக்கொண்டிருந்தான். அங்கேதான் பதிவு செய்தோம். சித்திரை வெயில். ஃபேன் போட்டால் சத்தம் பதிவாகிவிடும் என்று நிறுத்திவிட்டான். தொண்டை வறண்டு, அந்த உயரத்தில் என் குரல் ஒரு இடத்தில் உடைந்தது.

"இன்னொரு வாட்டி பாடுறேண்ணா" என்றேன்.

"வேணாம், வுட்டுடு. அழுவுற மாதிரி கீது. ஜனங்களுக்கு அதான் புடிக்கும்" என்றான்.

அவன் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அந்த இடம் வந்தால் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் வந்த உடைப்பு அது.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். திறந்தவெளிக் கூட்டங்களில் காற்று குரலை வாரிக்கொண்டு போய்விடும். அதனால் நாங்கள் பாடப் பாட, பதிவு செய்த பாட்டையும் லேப்டாப்பிலிருந்து அடியில் ஓடவிடுவான் அண்ணன். 'சப்போர்ட்' என்று பெயர். எங்களைப் போலப் பல குழுக்கள் செய்வதுதான். என் குரலுக்கு என் குரலே சப்போர்ட். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

அப்புறம் எனக்குச் சிறுசேரியில் ஒரு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எங்களைக் கூட்டிப்போகும் கேபை ஓட்டியவரைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் இந்து. உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பம். விசுவாசி வேற்று மதத்தவரோடு பிணையக் கூடாது என்பதைச் சபை பாஸ்டர் ஐயா "அந்நிய நுகம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அப்பாவின் கோபம் வேறு இடத்திலிருந்து வந்தது.

"அவங்க கயனில கூலிக்கு நடவு நட்ட கைம்மா நம்ம கை. இப்பதான் தலை நிமிர்ந்து மைக் புடிச்சிக்கினு நிக்கிறோம். நீ போயி அவங்க வூட்டு வாசல்லயே நிக்கிறியே" என்றார்.

அவர் சொன்னது பொய்யில்லை. புகுந்த வீட்டில் என்னை வாசலோடுதான் நிறுத்தினார்கள். நாங்கள் நாவலூர்ப் பக்கம் வாடகைக்குக் குடிபோனோம். மேடையில் என் இடத்துக்கு அண்ணன் மனைவி வந்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அண்ணிக்கு இனிமையான குரல், ஆனால் தாழ்ந்த குரல். அந்தப் பாட்டு இல்லாமல் எங்கள் குழுவை யாரும் கூப்பிட மாட்டார்கள். அண்ணன் சுலபமான வழி கண்டுபிடித்தான். சப்போர்ட்டின் சத்தத்தைக் கூட்டி, மைக்கின் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்துவிட்டான். நான் போன பிறகும் என் குரலை வீட்டிலேயே வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு இது தெரிந்தது என் கணவர் மூலமாகத்தான். அவர் கேபில் அந்தப் பாட்டு எப்போதும் ஓடும். பின் சீட்டில் ஒரு பெண் யார் பாடுவது என்று கேட்டிருக்கிறாள். இவர் பெருமையாக, "என் ஒய்ஃப்தாங்க" என்றிருக்கிறார். அவள் போனில் தேடி, வெள்ளைப் புடவையில் நிற்கும் அண்ணியைக் காட்டி, "இவங்களா உங்க ஒய்ஃப்? ஏண்ணா இப்படிப் புளுகுறீங்க?" என்று கேட்டுவிட்டாள். மனுஷன் சாயங்காலம் வந்து போனை என் கையில் கொடுத்தார்.

"இன்னாமே இது? உன் குரல எவுங்களோ தூக்கினு பூட்டாங்க, நீ சாம்பாரு தாளிச்சிக்கினு கீற?"

பார்த்தேன். அலைக்கு முன்னால் அண்ணி வாயை அசைக்கிறார். பின்னால் அப்பா, அண்ணன், அம்மா. குரல் உடையும் அந்த இடத்தில் அண்ணி சரியாகக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அதையும் பழகிக்கொண்டிருக்கிறார் பாவம்! மறுபடியும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தேன். சாம்பார் தீய்ந்து போனது.

அப்பாவுக்குப் போன் செய்தேன். "அது உன் குரல் இல்லம்மா, ஊழியத்துக்கு ஆண்டவர் குட்த்த தாலந்து. தாலந்த திருப்பிக் கேப்பாங்களா?" என்றார். மைக் இல்லாமலேயே மேடைப் பேச்சு. அண்ணன், "பேரை மாத்தினா ஜனங்க கேள்வி கேப்பாங்க. கொஞ்சம் பொறுத்துக்க" என்றான். ஒரு நாள் அண்ணியே கூப்பிட்டு, "நான் இன்னாம்மா பண்ணட்டும், எனக்கு அந்த மேல்சத்தம் ஏற மாட்டேங்குது" என்று அழுதார். போனை வைக்கிற வரைக்கும் நான்தான் அவரைச் சமாதானப்படுத்தினேன்.

எனக்கு மேடை வேண்டாம். வீடியோவை நீக்கவும் வேண்டாம். அந்த வீட்டு ஆள் ஒருவர், நாலு பேர் முன்னால், 'இது எங்க பொண்ணு குரல்' என்று ஒரே ஒரு தரம் சொன்னால் போதும் என்று இருந்தது. அதை அம்மாவிடம் கேட்டேன். அப்பா வேலைக்குப் போன நேரத்தில் போன் செய்கிறவள் அவள் ஒருத்திதான்.

"மாமல்லபுரத்துக்குப் பக்கத்துல ஒரு குப்பத்துல ஆண்டுவிழாக்குக் கூப்ட்டுகிறாங்க. நீ வந்து கூட்டத்துல உக்காரு. பாட்டுக்கு முன்னாடி, ஆண்டவர் நமக்குச் செஞ்சத சாட்சியா சொல்ல உங்கப்பா எனக்கு மைக் குடுப்பாரு இல்ல, அப்ப நானே சொல்லிர்றேன். யாரு இன்னா பண்ணிருவாங்க?" என்றாள் அம்மா.

கணவர் கேபில் கொண்டுவந்து சாலையில் இறக்கிவிட்டார். கடலைப் பார்த்த பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள். இன்னும் வெளிச்சம் இருந்தது. பெண்கள் பக்கத்தில் ஒரு மீன்காரம்மா நகர்ந்து இடம் கொடுத்தார். மேடையில் எல்லோரும் ஊதா நிறம். நான் பச்சையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா என்னைப் பார்த்துவிட்டாள். அப்பாவும் பார்த்தார். மைக்கை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, அதை முழுசாக விடாமல் பக்கத்திலேயே நின்றார்.

"எல்லாரும்..." என்றாள் அம்மா. என்னைப் பார்த்தாள். "எல்லாரும் எங்க குடும்பத்துக்காக ஜெபம் பண்ணிக்குங்க." அவ்வளவுதான். மைக் கை மாறிவிட்டது.

பாட்டு ஆரம்பித்தது. முதல் சரணம் போனது. இரண்டாவது சரணத்தில் மெட்டு மேலே ஏறும்போது ஜெனரேட்டர் இருமிக்கொண்டு நின்றது. விளக்கு, ஸ்பீக்கர் எல்லாம் போய்விட்டது. அண்ணியின் வாய் மட்டும் இன்னும் ஒரு வார்த்தைக்கு அசைந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா டாம்பரினை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. நான் எழுந்து, பாட்டு நின்ற இடத்திலிருந்து பாடினேன்.

மைக் இல்லை, அலைச் சத்தம்தான். ஆனாலும் பந்தலின் கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியும். உயரத்துக்குப் போனேன். இந்தத் தடவை குரல் உடையவில்லை. முடித்ததும் "அல்லேலூயா" என்று நாலா பக்கமும் சத்தம் எழுந்தது. ஸ்தோத்திரம் சொல்லி மேடையிலிருந்து இறங்கி அம்மா நேராக என்னிடம் வந்தாள். பின்னாலேயே அப்பாவும் வந்தார். வந்துவிட்டாள், சொல்லப்போகிறாள் என்று நானும் இரண்டு அடி முன்னால் போனேன்.

மீன்காரம்மா என் கன்னத்தை வழித்துவிட்டு அம்மாவிடம் திரும்பினார். "அப்டியே உங்க மருமவ குரலும்மா இந்தப் பொண்ணுக்கு! இன்னா, கொஞ்சம் பழக்கினீங்கன்னா அவங்கள மாதிரியே வந்துரும். யாரு இது, உங்களுக்குச் சொந்தமா?"

அம்மா என் கையைப் பிடித்தாள். இறுக்கிப் பிடித்தாள். பின்னால் அப்பா தொண்டையைச் செருமினார்.

"தெரிஞ்ச பொண்ணுங்க" என்றாள் அம்மா. "செங்கல்பட்டுதான்."

சொல்லும்போதும் கையை விடவில்லை. நான்தான் உருவிக்கொண்டேன். சேவல் ஒன்றும் கூவவில்லை. யாரோ டீசல் ஊற்றிக் கயிற்றை இழுக்க, ஜெனரேட்டர் மறுபடியும் உறுமியது. விளக்குகள் எரிந்தன. அப்பா மேடைக்குத் திரும்பி மைக்கை வாங்கி, "கூட்டத்திலிருந்து ஒரு சகோதரி நமக்கு உதவி செய்தார்கள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். அண்ணன் பாட்டை முதலிலிருந்து போட்டான்.

நான் மணலில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சாலையைப் பார்த்து நடந்தேன். ஸ்பீக்கரை நன்றாகக் கூட்டி வைத்திருந்தார்கள். என் குரல் சவுக்குத் தோப்பு வரைக்கும் பின்னாலேயே வந்தது. இரண்டாவது சரணத்தில் அது உடைகிற இடம் வந்தது. அண்ணி இப்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பார். நானும் துடைத்துக்கொண்டேன்.