எதிர்வீட்டுக்கு வந்த இறக்கை

இன்று காலை எதிர்வீட்டுக் கதிரேசனுக்கு விமானம் வந்தது. பாகங்களாக வாங்கி அவனே வீட்டில் பூட்டிக்கொள்ளும், இரண்டு பேர் உட்காரும் விமானம். முதல் பெட்டியில் இறக்கைகள்.

நாமக்கல்லில் இருபது வருடமாக லாரிக்கு பாடி கட்டுகிறவன் நான். பெட்டியை இறக்க என் கிரேன்தான் போனது.

இறக்கையைத் தடவிப் பார்த்தேன். ஒரு ரிவெட் ஓட்டைகூட வரிசை விலகவில்லை.

"சக்கரத்தைக் காணோமே, எலுமிச்சம்பழத்தை எங்கப்பா வெப்பே?" என்றேன்.

"அது அடுத்த பெட்டியில வருதுங்கண்ணா" என்றவன், என் கையில் பூசணிக்காயைக் கொடுத்தான். "ஊர்க்கண்ணு பட்டுருமுங்க. உங்க கையால சுத்தி ஒடைங்க."

மூன்று சுற்று சுற்றி உடைத்தேன்.

அங்கே நின்றவர்களிலேயே பொல்லாத கண் என்னுடையதுதான். சுற்றியவன் கண்ணும் அதில் கழியுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னும் மூன்று பெட்டி வரவேண்டியிருக்கிறது.