பேசாமல் இருந்தால் சரி

"இங்கிலீஷ் படிச்சி இன்னா பண்ணப் போற? ஆட்டுக்கல்லாண்ட இங்கிலீஷ்ல பேசப் போறியா?" என்று கேட்டார் மாமா, அம்மாவின் அண்ணன்.

நான் அப்போது பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அப்பா நசரத்பேட்டையில் பூப் பயிரிட்டு, பூந்தமல்லியில் விற்பவர்.

அந்த வாரம் வகுப்பில் 'அக்வியெஸ்' என்ற வினைச்சொல் வந்தது. பிடிக்கிறதோ இல்லையோ, மறுத்துப் பேசாமல் இருந்து இணங்கிவிடுவது. வாய்விட்டுச் சரி என்றவருக்கு இந்தச் சொல் பொருந்தாது என்றார் ஆசிரியை. பேச்சில் அதிகம் வராது, சட்டத்திலும் அலுவலகக் கடிதத்திலும்தான் வரும் என்றார். சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதி வரச் சொன்னார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாக்கியமே பழத்தட்டோடு வீட்டுக்கு வந்தது. மாமா ஒரு வரன் கொண்டுவந்திருந்தார். மாப்பிள்ளை அம்பத்தூரில் லேத் வேலை.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குப் பிடித்திருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. காபி கொடுத்துவிட்டு அவள் வாய் திறக்காமல் நின்றால் சம்மதம், பூ வைத்துவிடுவார்கள். பெரியம்மா மகளுக்கு அன்று பல்வலி. அதையும் சம்மதமாகவே எடுத்துக்கொண்டார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்துத் திருப்தியாகச் சொன்னார்: "பொண்ணு அமைதியா கீது. பங்குனியிலயே வச்சிக்கலாம்."

"சித்திரையில பரீட்ச கீதே," என்றாள் அம்மா.

"அத்த வுடு," என்றார் மாமா.

பூச்சரத்தை எடுத்துக்கொண்டு அந்த அம்மா எழுந்தார்.

"எனக்கு இதுல இஷ்டம் இல்ல. நான் பரீட்ச எழுதணும். அதுக்கு மேலயும் படிக்கணும்," என்றேன்.

அவர் பூவோடு அப்படியே நின்றார். "இன்னா அண்ணே, பொண்ணு பேசுது?"

"வெளாடுதும்மா," என்ற மாமா அப்பா பக்கம் திரும்பினார். "மச்சான், நீ சொல்லு. இவ பேச்ச கேக்கப் போறியா?"

அப்பா பிஸ்கட் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மின்விசிறி ஓடியது.

"யோவ், ஒன்னத்தான்!"

அப்பா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். வந்தவர்கள் செருப்பு மாட்டித் தெருவில் இறங்கும் வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் வழக்கப்படி அது என் பேச்சுக்குச் சம்மதம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். மாமா கூட மறுக்க முடியாமல், அந்த அம்மா வைத்துவிட்டுப் போன பூவைத் தானே எடுத்துக்கொண்டு போனார். நான் மறுத்தது அப்பாவுக்கு மனதில் பிடித்திருந்ததா என்று நான் கேட்கவில்லை. அந்தச் சொல்லுக்கு அது தேவையும் இல்லை.

திங்கட்கிழமை அப்பாவைப் பற்றி வாக்கியம் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை இரண்டு முறை படித்துவிட்டுச் சரி போட்டார்.

பங்குனி போனது, பரீட்சையும் முடிந்தது. இப்போது எம்.ஏ. சேர்ந்திருக்கிறேன். காலையில் பூந்தமல்லி பஸ் நிலையம் வரை அப்பாவோடுதான் போகிறேன். அவர் கூடையை இறக்குகிறார்; நான் பஸ் ஏறுகிறேன்.