உடைஞ்சிச்சா, உடைச்சியா?

இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்றில் சேர்ந்த ஆண்டு, ஆங்கிலம் என்னைப் படாத பாடு படுத்தியது. கோலா சாவா பக்கத்தில் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தின் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு டவுன் பள்ளிக்குப் போனவள் நான். ஆங்கில ஆசிரியை வினைச்சொற்களை டிரான்சிட்டிவ், இன்டிரான்சிட்டிவ் என்று பிரித்தபோது, இரண்டும் ஏதோ இருமல் மருந்தின் பெயர்கள் மாதிரிதான் என் காதில் விழுந்தன. வினையைச் சொல்லி ‘எதை?’ என்று கேள், பதில் வந்தால் டிரான்சிட்டிவ் என்பார். நானும் கேட்டுப் பார்த்தேன். எனக்கு மட்டும் பதில் தன் இஷ்டத்துக்கு வந்து போனது. அடுத்த சோதனையிலும் தேறாவிட்டால் மதிப்பெண் குறைந்தவர்களுக்கான கடைசி வகுப்புக்குத்தான் என்று அவர் சொல்லிவிட்டார்.

சோதனைக்கு முதல் நாள் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன். சமையற்கட்டில் படாரென்று ஒரு சத்தம். அம்மாவின் தம்பி, எங்களோடு தங்கியிருந்த மாமா, தலையை மட்டும் வெளியே நீட்டினார்.

“அக்கா, உன் பீங்கான் தட்டு உடைஞ்சிருச்சு.”

“அதுவா உடைஞ்சிச்சா, நீ உடைச்சியா?”

“கை வழுக்கிருச்சு லா...”

அம்மா துடைப்பத்தை எடுத்தாள். நான் துள்ளி எழுந்தேன். உடைந்தது, எதை? பதில் இல்லை. உடைத்தார், எதை? தட்டை! பிறந்ததிலிருந்து நான் பேசி வந்த வித்தைக்குத்தான் அந்த மருந்துப் பெயர்கள். மாமா ஏன் உடைஞ்சிருச்சு என்கிறார், அம்மா ஏன் விடமாட்டேன் என்கிறாள் என்பது கூடப் புரிந்துவிட்டது.

மறுநாள் சோதனைக்கு முன் ஆசிரியை பலகையில் ‘புரோக்’ என்று எழுதி, இது எந்த வகை என்றார். டவுன் பிள்ளைகள் ஒரே குரலில் டிரான்சிட்டிவ் என்றார்கள். நான் கையைத் தூக்கி, இரண்டும்தான் என்றேன். சிரிப்பு கிளம்பியது. ஆசிரியை என்னை முன்னால் கூப்பிட்டார். தட்டு உடைந்தது, மாமா தட்டை உடைத்தார் என்று ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் எழுதினேன். இரண்டிலும் அதே ‘புரோக்’. அப்போதும் விழித்த மலாய்த் தோழிக்கு அவள் மொழியிலேயே உடைவதற்கு ‘பெச்சா’ என்றும் உடைப்பதற்கு ‘மெமெச்சாக்கான்’ என்றும் சொல்லிக் காட்டினேன். “ஓ!” என்று அவள் போட்ட சத்தத்தில் சிரித்தவர்கள் அடங்கினார்கள். ஆசிரியை சுண்ணக்கட்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். மிச்சப் பாடத்தை நான்தான் நடத்தினேன். சோதனையிலும் நான்தான் முதல்.

விடைத்தாள் கைக்கு வந்த அன்று பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடினேன். வீட்டு வாசலில் அப்பாவைச் சுற்றித் தோட்டத்து ஆட்கள் கூடியிருந்தார்கள்.

“தோட்டம் கைமாறுதாம் லா,” என்றார் ஒருவர்.

“அது இன்டிரான்சிட்டிவ்! எதைன்னு கேட்டா பதில் வராது!” என்று கத்தினேன்.

அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். “எம் மகளப் பாத்தீங்களா!” என்று அப்பா என்னைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். மாமா விசில் அடித்தார். ராணி மாதிரி நின்றேன். கைமாறுகிறது என்றால் மாற்றுகிறவர் என்று எங்கோ ஒருவர் இருப்பார், அவர் யார், தங்கள் வேலையும் வீடும் என்னாகும் என்று கேட்கத்தான் அவர்கள் எல்லாரும் வேலை முடிந்த கையோடு அங்கே வந்து நின்றார்கள் என்பது அந்த முதல் மாணவிக்குத் தெரியவில்லை.