மூன்றாம் பெஞ்சின் அடிப்பக்கம்

அந்தப் பெஞ்சைத் தூக்கிக் கொடுத்தவன் நான்தான். அதுவும் இரண்டு புட்டி சோம்புச் சாராயத்துக்கு. ஊரைத் திட்டுவதற்கு முன்னால் என்னைத் திட்டிக்கொள்கிறேன்.

ஹெரிக்கோ ஊரிலிருந்து ஹார்தின் ஊர் வரை மலைப்பாதையில் ஓடும் மர பஸ் என்னுடையது. அதில் ஒரு சாண் விடாமல் வண்ணம் தீட்டியவள் எடில்மா கிசேனோ. ஓர் ஆணி, ஒரு கயிறு, ஒரு துண்டுப் பென்சில், அவ்வளவுதான் அவளுடைய கருவிகள். வட்டத்துக்குள் வட்டம், நட்சத்திரத்துக்குள் நட்சத்திரமாக வரைவாள். பொம்பளைக்கு எதற்கு பஸ் என்று பட்டறையில் சிரித்தவர்கள் முதலில் சக்கரங்களை மட்டும் கொடுத்தார்கள். அவள் சக்கரத்தை வரைந்த அழகில் ஜனங்கள் ஏறாமல் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஹாரன் அடித்து ஓய்ந்தேன்.

வண்ணம் தீட்டியவர் அந்த பஸ்ஸின் முதல் ஓட்டத்தில் கடைசி ஊர் வரை சும்மா வரலாம், அது எங்கள் வழக்கம். ஆண் பெயிண்டர்கள் பாதி வழியில் ஏதாவது சாராயக்கடையைப் பார்த்து இறங்கிவிடுவார்கள். எடில்மா இறங்கமாட்டாள். அறுபத்திரண்டு வயதுக்குள் அவள் செய்த பயணங்களெல்லாம் இந்த முதல் ஓட்டங்கள்தான். வழியில் பார்த்த நிறம் அடுத்த பஸ்ஸில் வந்து உட்கார்ந்திருக்கும். திரும்பியதும் மூன்றாம் பெஞ்சைக் கழற்றி, அதன் அடிப்பக்கத்தில் அந்தப் பயணத்தை எனாமல் பெயிண்டால் நாலு வரி எழுதி, கீழே பெயர் போடுவாள்.

"பேரை வெளியில போட்டா என்னக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வெளிப்பக்கம் உன்னுதுடா அல்தெமார். நீங்க உக்கார்ற எடத்துக்கு அடியில இருக்கறதுதான் என்னுது."

போன வருஷம் என் பஸ்ஸின் மூன்றாம் பெஞ்சில் விரிசல் விட்டது. புதிதாக ஒன்றை மாட்டிவிட்டுப் பழையதைக் கோழிக்கூண்டுமேல் போட்டேன். அப்போதுதான் ததேயோ வில்லமிசார் வந்தான். ஊர் ஊராகப் போய்ப் பழைய சித்திரங்களைப் பார்த்து வடிவமைப்பு செய்கிறவனாம். முப்பது வயது, மடிப்புக் கலையாத தொப்பி. பெஞ்சின் முதுகில் இருந்த நட்சத்திரங்களைப் பார்த்து வாயைப் பிளந்தான். கொடுத்துவிட்டேன். அடியில் எழுத்து இருப்பது நினைவுக்கே வரவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஆறு மாதம் கழித்து மெதெயின் நகரத்தில் அவனுடைய கண்காட்சி, அதில் எங்கள் பெஞ்சும் இருக்கிறது என்று சேதி வந்தது.

"கெளம்புடா, நம்ம பெஞ்சு பெரிய மனுசனாயிருச்சாம்" என்றாள் எடில்மா. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டாள். வழிக்கு ஒரு புட்டியைப் பையில் வைத்துக்கொண்டு நானும் கிளம்பினேன்.

மேடையில் விளக்கு வெளிச்சத்தில் எங்கள் பெஞ்சு. பக்கத்தில் அட்டை: 'பெயர் தெரியாத நாட்டுப்புறக் கலைஞர்.'

"தெரியலேன்னா கேட்டிருக்கலாம்ல? உன் கோழியே சொல்லியிருக்கும்" என்று அவள் சிரித்தாள். ததேயோ அதோடு விட்டிருந்தால் அவனை மன்னித்திருப்பாள்.

அவன் பேச ஆரம்பித்தான். "என் படைப்பு வாழ்க்கை ஒரு மண்சரிவில் தொடங்கியது. மழை. பஸ் ஏழு மணி நேரம் நின்றது. எல்லோரும் இறங்கி ஆரஞ்சு உரித்துத் தின்றோம். சரிந்த மண் நனைய நனைய அதன் சிவப்பு மாறியது. என் சிவப்பை அன்றுதான் கண்டுபிடித்தேன்."

கூட்டம் கைதட்டியது. எடில்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"டேய், அவன் சொல்றது என் மழைடா."

ஆமாம், அவள் மழைதான். அது என் பஸ்ஸின் முதல் ஓட்டம்; ஓட்டியவன் நான், ஆரஞ்சு மூட்டையைப் பிரித்தவனும் நான். இருபத்திரண்டு வருஷமாகிறது. அப்போது இந்தப் பயல் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்திருப்பான்! ஒருத்தியின் வேலையைத் திருடுவார்கள், கேள்விப்பட்டிருக்கிறேன். அவள் நனைந்த மழையையுமா திருடுவார்கள்?

அவள் நேரே மேடையேறினாள். "தம்பி, அந்தப் பெஞ்சைத் திருப்பு."

"அம்மா, காட்சிப் பொருளைத் தொடக்கூடாது."

நான் ஏறிப்போய்த் திருப்பினேன். அடிப்பக்கம் முழுக்க வெள்ளை, ஓர் எழுத்து இல்லை.

"பாருங்க, ஒண்ணுமே இல்லையே" என்றான் ததேயோ.

எடில்மா விரலால் தடவி முகர்ந்தாள். "செவுத்துக்கு அடிக்கிற பெயிண்டு. அல்தெமார், பையில இருக்கறதை எடு."

சாராயத்தை ஊற்றி, சால்வை முனையால் அழுத்தித் தேய்த்தாள். வெள்ளை பாலாடை மாதிரிச் சுருண்டு வந்தது. அடியில் அவளுடைய எனாமல் அசையவில்லை. மழை, ஏழு மணி நேரம், ஆரஞ்சு, சிவப்பு என்று ஒவ்வொரு வரியாக வெளியே வந்தது. படிக்காமலா இவன் வெள்ளை அடித்தான்? வரி வரியாக மனப்பாடம் செய்துவிட்டு அடித்திருக்கிறான்!

"படி. நீதான் நல்லா சொல்லுவியே" என்றாள்.

தொப்பியைக் கழற்றிவிட்டுப் படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினான்.

"இன்னும் ஒரு வரி இருக்கு."

"எடில்மா கிசேனோ" என்று முணுமுணுத்தான்.

"கேக்கல. உனக்குக் கைதட்டுனப்ப எவ்வளவு சத்தம் வந்துச்சோ, அவ்வளவு சத்தமா சொல்லு."