வெள்ளைக் கோழியின் வால்

முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த என் மனைவி, கைக்குழந்தையோடு திரும்பியபோது நான்கு கோழிகளையும் கொண்டுவந்தாள். பிள்ளை பெற்றவள் முட்டை சாப்பிட்டு உடம்பைத் தேற்றிக்கொள்ளட்டும் என்று அவள் அம்மா கொடுத்து அனுப்பியவை. மூன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. சோமனூர்ப் பக்கத்திலிருந்து சூலூருக்கு அருகே இருந்த எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் ஒரு கறுப்புக் கோழி வண்டியிலேயே முட்டை இட்டுவிட்டது. அதை முந்தானையில் பொதிந்துகொண்டு அவள் இறங்கியது நினைவிருக்கிறது.

முப்பதுகளின் நடுப்பகுதி அது. நான் பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் ஒரு ஜின்னிங் ஃபாக்டரியில் பஞ்சுப் பொதி எண்ணும் கணக்குப்பிள்ளை. எண்ணுகிற புத்தியால் அந்த வேலை கிடைத்ததா, அந்த வேலையால் அந்தப் புத்தி வந்ததா என்று எனக்கே தெரியாது. இன்றைக்கும் மாத்திரை டப்பாவை இரண்டு முறை எண்ணாமல் நான் படுப்பதில்லை. இரண்டு முறையும் ஒரே எண் வந்துவிட்டால், நாம் எங்கோ கவனக்குறைவாக இருந்துவிட்டோமோ என்று மூன்றாவது முறையும் எண்ணத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் ஏற்கெனவே மூன்று சிவப்புக் கோழிகளும் ஒரு சேவலும் இருந்தன. மருமகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனால் சேவல் தருவதாக என் ஆத்தா கருப்பராயன் சாமிக்கு வேண்டிக்கொண்டு விட்ட சேவல் அது. கோயில் திருவிழாவான நோம்பி வரும்வரை அதை யாரும் விரட்டக்கூட மாட்டோம். அது நடந்துபோன தோரணையைப் பார்த்தால் விஷயம் அதற்கும் தெரிந்திருக்கும் என்றே தோன்றும்.

வந்த இரண்டாவது மாதம் அவளுடைய கோழிகளுக்கு இறகு கொட்ட ஆரம்பித்தது. இரண்டு கறுப்புக் கோழிகளுக்கு முதுகு வெளுத்துத் தோல் தெரிந்தது. மூன்றாவதற்கு அடிவயிறும் கழுத்தும் மொட்டை. வெள்ளைக்கு வாலில் ஒரு பக்கம் ஓட்டை விழுந்திருந்தது. எங்கள் சிவப்புக் கோழிகள் மூன்றும் பார்வைக்கு நன்றாகவே இருந்தன.

எங்கள் அப்பாவை நாங்கள் ஐயன் என்போம். அவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடியே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“நம்ம கோழிக்கு ஒண்ணுமில்ல. வந்த கோழிக்குத்தான் சீக்கு. அது நம்மதுக்கும் ஒட்டறதுக்குள்ள, வார சந்தைல கொண்டுபோயி தள்ளிப்போடு.”

ஆத்தா அடுப்படியிலிருந்தே கேட்டாள்: “பாத்துத்தான குடுத்திருப்பாங்க சம்பந்தி ஊட்ல?”

“பாத்துக் குடுத்த லட்சணந்தான் தெரியுதே.”

என் மனைவி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அன்று மாலை, நான் சைக்கிளை நிறுத்தும்போது மாடு கட்டும் சாளைப் பக்கம் நின்றுகொண்டு, யாரும் கேட்காத குரலில் ஒன்று மட்டும் சொன்னாள்.

“ஏனுங்க, எங்கம்மா சீக்குக் கோழி குடுப்பாங்களாங்க?”

அந்தக் காலத்தில் பெரியவர்கள் முன்னால் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்வது வழக்கமில்லை. கல்யாணமாகி ஒன்றரை வருஷத்தில், பகல் வெளிச்சத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். நான் ஐயனிடம் போய், காரணம் தெரிந்துகொண்டு விற்கலாம், சீக்கு என்றால் சந்தையிலும் வாங்க மாட்டார்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு, “மாசக் கடேசி சந்தை வரைக்கும் பாரு. எறகு மொளைக்கிலீன்னா வண்டி ஏத்திப்போடோணும்” என்றார். நான்கு சந்தைகள் கிடைத்தன.

மறுநாள் முதல், நான் வேலையிலிருந்து வந்ததும் வெளிச்சம் இருக்கும்போதே கோழி பார்ப்போம். அவள் கோழியை மடியில் கவிழ்த்து இறக்கையை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். நான் எதிரே குந்தி, இறகுகளை விலக்கித் தோலைப் பார்ப்பேன். இருவர் தலையும் முட்டும் அளவுக்குக் குனிய வேண்டியிருக்கும். ஆத்தா வாசல்வரை வந்து பார்த்துவிட்டு, “கோழி பாக்கறாங்களாமா” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவாள். கோழிதான் மடியில் இருக்கிறதே, வேறென்ன சொல்ல முடியும்?

நான் முதலில் சந்தேகப்பட்டது கறுப்பு மூன்றும் ஒரே நோயில் விழுந்திருக்கின்றன என்றுதான். பஞ்சில் ஒரு பொதி ஈரமென்றால் அடுத்தடுத்த பொதியும் ஈரமாக இருக்கும், அந்தப் பழக்கம். ஆனால் முதுகு போன இரண்டின் தோலில் இறகின் அடித்தண்டு முறிந்து, குச்சி குச்சியாக நின்றிருந்தது. இறகு உதிரவில்லை, ஒடிந்திருக்கிறது. அடிவயிறு போனதற்கு அப்படி இல்லை. தோல் சிவந்து, மிச்சமிருந்த இறகின் அடியில் பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருந்தது.

“முதுவு ஒடியறது சேவலாலங்க” என்றாள் அவள். “உங்க கோழிக வயசாளிக, ஓடித் தப்பிச்சுக்குதுக. இதுக ரெண்டும் சின்னப்புள்ளைக. நாள் முச்சூடும் இதுக மேலயேதான் ஏறி நிக்குது அது.”

இதைச் சொல்லிவிட்டு அவள் முகம் சிவந்து கோழியின் காலைப் பார்க்க ஆரம்பித்தாள். நானும் அந்தக் காலையே பார்த்தேன்.

ஆத்தாவிடம் சேவலைக் கட்டிப்போடலாமா என்று கேட்டதற்கு, “சாமிக்கு உட்டதக் கொற சொல்லாத கண்ணு” என்று முடித்துவிட்டாள். ஆகவே அந்த இரண்டு கோழிகளையும் பகலில் காய்ந்த பருத்திமார்க் குச்சிகளால் அடைத்த பட்டிக்குள் விட்டு, முதுகில் மஞ்சளும் எண்ணெயும் குழைத்துத் தடவினாள் என் மனைவி. மூன்றாவது வாரம் நோம்பி வந்தது. சேவல் சாமிக்குப் போய், அங்கிருந்து எங்கள் தட்டுக்கு வந்தது. எனக்கு அன்று கொஞ்சம் கூடவே பசித்தது.

அடிவயிற்றுக்குக் காரணம் கூடை. எங்கள் சிவப்புக் கோழிகள் முருங்கை மரத்தில் ஏறித் தூங்கும். புதிய கோழிகள் வழி தவறிப் போகாமலிருக்க, அவற்றை மட்டும் பழைய மூங்கில் கூடையில் கவிழ்த்து வைத்திருந்தோம். ஒரு மாலை கூடையின் பின்னலில் நகத்தைவிட்டு நோண்டினேன். சிவப்பாகப் பொடிப் புள்ளிகள் நகர்ந்தன. விரலால் தேய்த்தால் ரத்தம். கோழிப்பேன். கூடையோடு ஒட்டிப் படுத்த கோழிதான் அதிகம் கடிபட்டிருந்தது. கூடையைக் கொதிக்கும் வேப்பிலைத் தண்ணீரில் முக்கி வெயிலில் காய வைத்தோம். அடுப்புச் சாம்பலில் வேப்பிலைத் தூளைக் கலந்து ஒரு குழியில் கொட்டினோம். நான்கு கோழிகளும் அதில் புரண்ட புரளலைப் பார்த்து அவள் குழந்தையிடம், “உங்க அமுச்சி ஊட்டுக் கோழி குளிக்கறதப் பாரு சாமி” என்றாள். பத்து நாளில் அடிவயிற்றில் முள் முள்ளாகக் குருத்து எழுந்தது.

அப்படியானால் எங்கள் சிவப்புக் கோழிகளுக்கு ஒன்றுமில்லையா என்றால், அதுவும் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் கிடந்த இறகுகளைப் பொறுக்கி நிறம் நிறமாகப் பிரித்தேன். சிவப்பே அதிகம். அவை வருஷாவருஷம் போல இறகு மாற்றிக்கொண்டிருந்தன. கொஞ்சம் கொஞ்சமாக விழுந்து கொஞ்சம் கொஞ்சமாக முளைத்ததால் யாருக்கும் கண்ணில் படவில்லை.

ஆனால் அந்தக் குவியலில் வெள்ளை இறகு இரண்டுதான். வெள்ளைக் கோழியின் வாலிலோ அதற்குள் ஏழு இடம் காலி. ஏழா எட்டா என்று இப்போது சந்தேகம் வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருக்கிற என் மனைவி ஏழுதான் என்கிறாள். அவளுக்குக் கண் எப்போதும் நல்ல கண். போகட்டும். விழுந்த இறகு கீழே கிடக்க வேண்டும். கீழே இல்லையென்றால் யாரோ எடுக்கிறார்கள். அதோடு அந்தக் கோழியின் தோலில் சிவப்பும் இல்லை, முறிந்த குச்சியும் இல்லை. வேரோடு பிடுங்கிய சுத்தமான குழி.

“உங்க சைக்கிள் சங்கிலிக்கு எண்ண போடறதுக்கு எறகு எடுக்கறீங்களே” என்றாள் அவள் அன்றைக்கு.

“நான் கீழ கெடக்கற செவப்புதான் எடுக்கறேன்.”

“அப்படித்தான் சொல்லுவீங்க” என்று கோழியைத் தூக்கி என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். “நீயே சொல்லு வெள்ளச்சி, இவங்கதான?”

அதே ஞாயிறு மத்தியானம் விடை கிடைத்தது. நாங்கள் இருவரும் சாளைக்குள் கூடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தோம். வெளியே வேம்பின் கீழ் ஐயன் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். வெள்ளைக் கோழி தானாகவே அவரிடம் போனது. அவர் மடியிலிருந்த நிலக்கடலையை உடைத்து ஒரு பருப்பை நீட்டினார். அது கொத்தித் தின்றது. இன்னொன்று நீட்டினார். மூன்றாவதை அது கொத்தும்போது, மறு கை வாலுக்குப் போய் ஓர் இறகை வெடுக்கென்று பிடுங்கியது. கோழி கத்திக்கொண்டு ஒரு முழம் குதித்து, உடனே திரும்பிவந்து நாலாவது பருப்புக்கு நின்றது. ஐயன் இறகை வாயால் ஊதினார். கண்ணை மூடிக்கொண்டு காதுக்குள் விட்டு மெல்லத் திருகினார். அவர் முகத்தில் அப்படியொரு சுகத்தை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். எனக்குக் கோபம். “இப்பவே போயிக் கேக்கறேன். சீக்குன்னு சொன்னதே இவருதான” என்று எழுந்தேன். அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“வேண்டாமுங்க. கேட்டா மாமா வெக்கப்பட்டுப்போட்டு வெள்ளச்சிக்குக் கடல போடறத உட்டுருவாங்க. அவங்களுக்கும் அதுக்கும் நல்லாத்தான இருக்குது.”

“அப்ப வாலு?”

அவள் யோசித்தாள். பிறகு நான் பொறுக்கி வைத்த குவியலிலிருந்து நீளமான, முனை மிருதுவான சிவப்பு இறகுகளாகத் தேடி எடுத்தாள். சீயக்காய்த் தண்ணீரில் அலசி வெயிலில் உலர்த்தி, நூலால் கட்டாகக் கட்டி, ஐயன் கைக்கு எட்டும்படி கட்டில் சட்டத்தின் கயிற்றில் செருகிவைத்தாள்.

மாலையில் ஐயன் அதைப் பார்த்தார். ஒன்றை உருவி முனையைக் கன்னத்தில் தடவிப் பார்த்தார். காதில் விட்டார். வெள்ளைக் கோழி வழக்கம்போல வந்து நின்றது, பருப்புப் போட்டார். மறு கை இறகுக் கட்டின்மேலேயே இருந்தது.

“ஏ அம்மணி.”

“என்னங்க மாமா?”

“இது ஆரு வெச்சது?”

“கீழ கெடந்துதுங்க. கழுவி வெச்சேனுங்க.”

“ம்” என்றார்.

மாதக் கடைசிச் சந்தை வந்தது. காலையில் வண்டி பூட்டும்போது அவள் நான்கு கோழிகளையும் சாம்பல் குழிப் பக்கமே விட்டு வைத்திருந்தாள். பிடித்து ஏற்றச் சொன்னால் சீக்கிரம் பிடிக்க முடியாது என்கிற நினைப்பாக இருக்கலாம். வெள்ளையின் வாலில் குருத்து வெளியே தலை நீட்டியிருந்தது. நான்கு குருத்து என்று எண்ணியிருந்தேன். ஐயனிடம் சொல்லக் காத்திருந்தேன். அவர் கேட்கவே இல்லை. வண்டியேறிப் போய்விட்டார்.

சாயங்காலம் திரும்பியபோது வண்டியில் புது மூங்கில் கூடை ஒன்றும் அரை மூட்டை நிலக்கடலையும் இருந்தன. கூடையை அவள் முன்னால் இறக்கிவைத்தார்.

“உங்கம்மா வந்தா சொல்லு. கோழி நல்ல கோழிதான்னு.”

“சொல்றேனுங்க மாமா” என்றாள். கூடையை எடுக்கக் குனிந்தவள் நிமிரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

அதற்குப் பிறகு எங்களுக்குக் கோழியில் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் நான் சைக்கிளை நிறுத்தியதும் அவள் ஏதாவது ஒரு கோழியைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நானும் எதிரே குந்துவேன். ஒரு நாள் ஆத்தா வாசலுக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“எறகெல்லாம் மொளச்சுப்போச்சே. இன்னும் என்னத்தப் பாக்கறீங்க ரெண்டு பேரும்?”

“எண்ணிப் பாக்கறோமுங்க அத்தை” என்றாள் என் மனைவி.