மகாராணி போட்ட ஐந்து கையெழுத்து

மகாராணி என்ற பெயரை என் தம்பி வாயால் முதலில் கேட்டபோது, பெண்டாட்டியைத்தான் திட்டுகிறான் என்று நினைத்தேன். "மகாராணி கம்மல் வாங்கிட்டு வந்திருக்கு, பாத்தியா அக்கா" என்றான். அவன் சொன்னது தன் மூன்று பிள்ளைகளில் நடுவில், பையனாகப் பிறந்ததை. அதுவரை எனக்கு மருமகன், அப்புறம் மருமகள். என் வாய்க்கு அது சட்டென்று வரவில்லை. "வாடா" என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வேன். அவள் கோபித்துக்கொண்டதில்லை. அப்பா வைத்த கேலிப் பெயரையும் தள்ளவில்லை. "பட்டம் தானா வந்திருக்கு அத்தை, இருந்துட்டுப் போகட்டும்" என்பாள்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ வேலை. எந்த ரிப்போர்ட்டும் அவள் கையெழுத்து விழாமல் வெளியே போகாது. பெயர் மாற்றும் காகிதங்களுக்காக இரண்டு வருஷம் அலைந்தாள். எல்லாம் வந்த பிறகு மேலாளர் சொன்னாராம்: "என் முன்னாடி அஞ்சு தடவை ஒரே மாதிரி போட்டுக் காட்டுங்க. அதுவரைக்கும் பழைய பேர், பழைய கையெழுத்துதான்."

தினமும் எண்பது தடவை அந்தப் பழைய ஆளாகக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நேராக என் வீட்டுக்கு வருவாள். கிழித்த காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் புதுசைப் பழகுவாள்.

"பொம்பளை கையெழுத்துன்னா எப்படி அத்தை இருக்கும்?"

"எனக்குத் தெரிஞ்ச பொம்பளைங்க எல்லாம் அவசரத்துலதான் போட்டிருக்கோம். அடுப்புல பால் பொங்கிட்டு இருக்கும்."

சிரித்தாள். ஆனாலும் கேட்கவில்லை. தன் அண்ணியின் கையெழுத்திலிருந்து ஒரு சுழி, கூட வேலை செய்கிறவளிடமிருந்து ஒரு வளைவு, அடியில் ஒரு புள்ளி. பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. இரண்டு தாள் எழுதுவதற்குள் விரல் மரத்துவிடும்.

மேலாளர் கூப்பிட்ட அன்று அறுபது ரிப்போர்ட் முடித்திருந்தாள். நாலு நன்றாக வந்தது. ஐந்தாவதில் சுழியைக் காணோம். பழைய பெயரே வந்து, கடைசியில் பழைய கையெழுத்தின் நீட்டுக் கோடும் விழுந்துவிட்டது.

"இது யாரு?" என்றாராம் மேலாளர்.

"கைக்கு இன்னும் தகவல் போய்ச் சேரலை சார்."

அவர் சிரிக்கவில்லை. "ஒரு வாரம் பாருங்க. சரிப்படலைன்னா பழசையே வச்சுக்கோங்க."

நடந்ததை என்னிடம் சொல்லிவிட்டு, என் வீட்டு நாற்காலியில் செருப்போடு சாய்ந்தாள். முகம் கழுவக்கூட எழுந்திருக்கவில்லை. "பழசே இருக்கட்டும் அத்தை. முடியலை."

அடுத்த நாலு நாளும் அவள் தாளைத் தொடவே இல்லை.

ஐந்தாம் நாள் சிலிண்டர்காரர் கதவைத் தட்டினார். என் கையில் மாவு. "நீயே வாங்கி வைடி" என்றேன். அவள் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, அவர் நீட்டிய சீட்டில் கையெழுத்துப் போட்டாள். "வரேம்மா" என்று நகலைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவர் போய்விட்டார்.

அவள் அந்த நகலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சின்னச் சின்ன எழுத்தாக, அவள் புதுப் பெயர் மட்டும். சுழி இல்லை, புள்ளி இல்லை, நீட்டுக் கோடும் இல்லை.

"இது நான் போட்டதா அத்தை?"

"பின்ன நானா? எனக்கு என் பேரை எழுதவே அரை நாள் ஆகும்."

சீட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து, எண்பதும் முடிந்த பிறகு, மேலாளர் முன்னால் அதையே ஐந்து தடவை எழுதினாள். ஐந்தும் ஒன்று போல இருந்தன.

"போன தடவை போட்டது அழகா இருந்துச்சே" என்றாராம்.

"அழகுக்கு நேரமில்ல சார்."

போன மாதம் என் தம்பியின் சர்க்கரை ரிப்போர்ட் அந்தக் கையெழுத்தோடு வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்தான்.

அவள் இப்போதும் அதே பரிசோதனைக் கூடத்தில், ஜன்னலோர மேசையில், சாயங்காலம் ஆறு மணி வரை கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.