சார்ஜ் வரியும் கடலுக்குள் போன வீதியும்

கல்முனை பஸ் நிலையத்தடியில் பற்றரி ஓட்டோ ஓட்டுகிறவர்கள் நாங்கள் நாலு பேர். சார்ஜ் ஏற்றுகிற கரண்டுக்கு வரி போட்டு, அந்தக் காசில் வீதி திருத்தப் போகிறார்களாம் என்ற கதை வந்த கிழமை அது. அதைப் பற்றிச் சத்தமாகப் புறுபுறுத்துக்கொண்டு நின்றபோதுதான் ஒரு ராத்தா, முக்காடு போட்ட அக்கா ஒருவர், வந்து என் ஓட்டோவில் ஏறினா. ஐம்பது வயதிருக்கும். ஒலுவில் கடற்கரைக்குப் போகவேண்டும் என்றா.

பின்னேரம், அஸர் தொழுகை முடிந்த நேரம். ஒலுவிலில் கடல் பக்கம் திரும்பியதும் கேட்டா:

"தம்பி, வரி எடுத்தா எல்லா ரோட்டையும் போடுவாங்களா?"

"அப்படித்தான் சொல்றாங்க, ராத்தா."

"அப்ப நேரே போங்க. எங்கட வீடு அங்கால."

தென்னைகளுக்கு நடுவே போன தார் வீதி சட்டென்று முடிந்தது. நாலைந்து அடிக்கு முன்னாலேயே பிரேக்கை அழுத்திவிட்டேன். இறங்கிப் போய்ப் பார்த்தேன். தாரின் விளிம்புக்குக் கீழே மண் இல்லை, அலைதான். கொஞ்சம் தள்ளித் தண்ணீருக்குள் ஒரு லைற் போஸ்ட் சரிந்து நின்றது.

ராத்தாவும் இறங்கி வந்து அதைக் காட்டினா. "அந்தப் போஸ்ட்டில இருந்து மூணாவது வளவு. கிணத்தடியில மாமரம். கேற்றைத் திறந்து வெச்சிட்டுத்தான் வந்தன்."

இப்போதுதான் வெளியே வந்தவ போலச் சொன்னா. நானும் அந்தத் தண்ணீரில் கேற்றைத் தேடிக்கொண்டு நின்றேன்.

"தம்பி, உங்கட ஓட்டோ போகுது."

திரும்பினேன். சாவியைத் திருப்பி நிறுத்தவில்லை, ஹேண்ட்பிரேக்கும் போடவில்லை. உட்கார்ந்துபோன வீதியின் சரிவில், ஆளில்லாமல், ஒரு சத்தமும் இல்லாமல், ஓட்டோ என்னைத் தாண்டிக் கடலைப் பார்த்து உருண்டுகொண்டிருந்தது.

பாய்ந்து பின்கம்பியைப் பிடித்தேன். முன்சில்லு விளிம்பைத் தாண்டித் தொங்கியது. "யா அல்லாஹ்!" என்று ராத்தாவும் வந்து பிடித்தா. இருவரும் இழுக்க இழுக்க, காலுக்குக் கீழே தார் மெல்ல வெடித்தது. ஓட்டோ பின்னுக்கு வந்த பிறகு, நாங்கள் முன்பு நின்ற துண்டு அப்படியே கடலில் விழுந்தது.

திரும்பி வரும்போது ராத்தா சாதாரணமாகச் சொன்னா: "போன மாசம் வந்தப்ப ரோடு இன்னும் பத்தடி இருந்திச்சி."

மறுநாள், வரி வேண்டாம் என்று எழுதிய கடிதத்தோடு கூட்டாளி ஒருவன் வந்தான்.

"ஒப்பம் வை."

"வெக்கிறன். இல்லாமப்போன ரோட்டைப் பத்தியும் எழுது."

"அதை ஆருக்கிட்டக் கேக்கிற?" என்று சிரித்தான். ஒப்பம் வைத்தேன்.

அதற்குப் பிறகும் இரண்டு தரம் அந்த ராத்தா ஒலுவிலுக்குப் போக வந்து என்னைத்தான் கேட்டா. இரண்டு தரமும் வேறு ஓட்டோவைக் காட்டிவிட்டேன்.